பென்ஷன் தேதியும் டவாலியின் பல்லும்

பஸ் டிப்போவில் கிழிந்த சீட்டுகளுக்கு உறை தைக்கிறவள் அவள். ரெக்சின் வெயிலில் வெடித்துப் பாளம் பாளமாகப் பிரிந்திருக்கும். அதை உரித்துப் போட்டுவிட்டு, புதிசு வெட்டி, பஞ்சுக்கு மேலே இழுத்துப் பிடித்துத் தடி ஊசியால் தைக்க வேண்டும். கட்டைவிரலில் அப்படிக் காய்ப்பு ஏறியிருந்தது, ஊசி குத்தினால்கூட ரத்தம் வராது. வாயும் அதே மாதிரிதான். மெக்கானிக்குகள் அவளிடம் வாயைக் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தவர்கள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். நல்ல மனசுக்காரி. ஆனால் அதை அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டால் அதற்கும் சண்டைக்கு வருவாள்.

அவள் புருஷனைத் தெருவில் எல்லோரும் பீரங்கி என்றார்கள். பட்டாளத்தில் பீரங்கிக்குக் குண்டு ஏற்றுகிற வேலை. ஏற்றிவிட்டு இரண்டு எட்டு ஒதுங்குவதற்குள் அது வெடிக்கும். காதில் வைக்கப் பஞ்சு கொடுக்கவில்லையா என்றால், கொடுத்தார்கள். பஞ்சை வைத்தால் மேலே இருக்கிறவன் போடுகிற உத்தரவு கேட்காது, உத்தரவு கேட்காவிட்டால் முதுகில் உதை விழும். அதனால் ஒருத்தரும் வைப்பதில்லை. பட்டாளத்தை விட்டு வீட்டுக்கு வந்தபோது ஆள் முழுசாகத்தான் இருந்தார், கை கால் எல்லாம் இருந்தது. காதுக்குள்ளே மட்டும் ஓயாமல் ஒரு வண்டு.

அந்த வண்டுதான் குடும்பத்தைக் குடைந்தது. கூப்பிட்டால் திரும்ப மாட்டார். பேசினால் கத்துவார். ஒரு சரக்குக் கிட்டங்கியில் கேட் காவலுக்குச் சேர்ந்தார். வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்து, கேட் ஏறிக் குதித்து உள்ளே வந்து பார்த்தால், இவர் முதுகைக் காட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருக்கிறார். திமிர் பிடித்தவன் என்று சீட்டைக் கிழித்தார்கள். அடுத்த இடத்திலும் அதே கதை. வாடகை கொடுக்க முடியாமல் இரண்டு பேரும் அவளுடைய அண்ணன் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த அறைக்குத் தனி வாசல் கிடையாது. வெளியே போக வேண்டுமென்றால் அண்ணியின் சமையலறை வழியாகத்தான் போக வேண்டும், போகும்போதெல்லாம் அண்ணி எதையாவது டங்கென்று கீழே வைப்பாள். எட்டு வருஷம் அந்த டங்கைக் கேட்டே அவள் வேலைக்குப் போனாள், வந்தாள். பீரங்கிக்கு அந்தச் சத்தம் கேட்காதது அவருடைய அதிர்ஷ்டம்.

எட்டு வருஷம் கழித்துத்தான் அவள் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படைவீரர் நல அலுவலகத்துக்குப் போய் ஊனப் பென்ஷனுக்கு மனுக் கொடுத்தாள். காதைச் சோதித்தார்கள். செவிடுதான், பட்டாளத்தில் போன காதுதான், மறுபேச்சே இல்லை, பென்ஷன் உண்டு என்று எழுதிவிட்டார்கள். அதோடு முடிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. எந்தத் தேதியிலிருந்து என்பதில்தான் சண்டை மூண்டது.

அந்தப் பிரிவு அதிகாரி கெட்டவர் இல்லை. மெலிந்த ஆள், மூக்குக் கண்ணாடி வழுக்கி வழுக்கி வரும், அதை நடுவிரலால் ஏற்றிக்கொண்டே பேசுவார்.

"பட்டாளத்தை விட்ட ஒரு வருஷத்துக்குள்ள மனுக் கொடுத்தா, விட்ட மறுநாள்லேர்ந்து பென்ஷன் உண்டும்மா. அதுக்கப்புறம் கொடுத்தா, மனு எங்க கைக்கு வந்த நாள்லேர்ந்துதான். நீங்க இப்பத்தானே கொடுத்தீங்க?"

"ஏன் சார், முன்னாடியே கொடுத்தாரே. வந்த ஆறாவது மாசமே கொடுத்தாரே."

"கொடுத்தாரு, இல்லைன்னு சொல்லலை. காதுப் பரிசோதனைக்கு வரச் சொன்னோம். வரலை. வரலைன்னா மனு செத்துப்போச்சு. செத்த மனுவுக்குத் தேதி கிடையாது."

"போனாரு சார்."

"வரலைன்னு இருக்கும்மா. மூணு தடவை பேரைக் கூப்பிட்டும் ஆள் இல்லைன்னு போட்டிருக்கு."

போனாரு என்று அதிகாரியிடம் சொன்னாளே தவிர, அவள் மனசுக்குள்ளேயே அவர் போனார் என்ற நம்பிக்கை இல்லை. அன்றைக்கு நடந்ததை அவள் மறக்கவில்லை. "கூட வரியா?" என்று கேட்டார். டிப்போவில் அன்றைக்கு ஓவர்டைம். "காது கேக்கலைன்னா கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போக நான் என்ன உங்க அம்மாவா?" என்று கேட்டுவிட்டு அவள் வேலைக்குப் போய்விட்டாள். சாயங்காலம் அவர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். "கூப்பிடவே இல்லைடி, அயோக்கியப் பசங்க" என்றார். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. கொஞ்ச நாளில் ஒரு கடிதாசி வந்தது. அண்ணிதான் அதைப் பிரித்து, வீட்டில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தாள். வராததால் மனு முடிக்கப்பட்டது. படித்துவிட்டு, "போகாமலே போயிட்டு வந்திருக்காரு மாப்பிள்ளை. வழியில எந்தக் கடை திறந்திருந்துச்சோ" என்றாள்.

அவளும் அதைத்தான் நம்பினாள். நம்பியது மட்டுமில்லை, எட்டு வருஷம் அதை வைத்தே அவரைக் கரித்துக் கொட்டினாள். சோறு போடும்போது, துணி துவைக்கும்போது, "போகாத ஆளு" என்று பேரே வைத்துவிட்டாள். அவர் பதில் பேசியதில்லை. காதில் விழவில்லை போல என்று அவள் நினைத்துக்கொள்வாள். ஆனால் அவர் உதட்டைப் பார்த்தே பாதி பேச்சைப் பிடிக்கிற ஆள் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

அதிகாரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "அவர் அன்னைக்குப் பரிசோதனை ஹாலுக்கு வந்திருந்தாருன்னு கண்ணால பார்த்த யாராவது வந்து சொன்னா, அந்த மனு சாகலைன்னு நான் எழுதலாம். அப்படின்னா எட்டு வருஷப் பாக்கியும் வரும். இல்லைன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

எட்டு வருஷப் பாக்கி என்றதும் அவளுக்கு நினைவு வந்தது ஒன்றே ஒன்றுதான். தனி வாசல் வைத்த வீடு. வாசல் என்றால் அவளே திறந்து அவளே சாத்துகிற வாசல்.

வீட்டுக்கு வந்து புருஷனை வெளிச்சத்தில் உட்கார வைத்து, உதடு தெரியக் கேட்டாள். "உண்மையைச் சொல்லுங்க. அன்னைக்குப் போனீங்களா இல்லையா?"

"போனேன்."

"யாரு பார்த்தா?"

"யாரும் பார்க்கலை."

"ஹால் நிறைய ஆளு இருந்திருக்கும். ஒருத்தர்கூடவா பார்க்கலை?"

"யாரும் பார்க்கலைன்னா பார்க்கலை. விடு அதை" என்று எழுந்து போய்விட்டார். அந்த வேகம்தான் அவளுக்கு இடித்தது. பொய் சொல்கிற ஆள் இத்தனை அவசரமாக எழுந்து போக மாட்டான், உட்கார்ந்து ஜோடிப்பான். இந்த மனுஷன் எதையோ மூடுகிறார்.

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு அவளே அந்த ஹாலுக்குப் போனாள். நீளமான ஹால், முதுகில்லாத பெஞ்சுகள், ஒரு கோடியில் பச்சைக் கதவு. கதவருகே ஒரு பையன் நம்பர் பலகையை மாட்டிக்கொண்டிருந்தான். பெருக்குகிற அம்மாளிடம், முன்னே இங்கே பேர் கூப்பிட்டவர் யார் என்று கேட்டாள்.

"யாரு, பல்லு போன டவாலியா? அவரு ரிட்டையர் ஆயிட்டாரே. ரயிலடிக்குப் பின்னாடி சைக்கிள் ஸ்டாண்டுல டோக்கன் கொடுக்கிறாரு. ஏம்மா, கடனா?"

"கடன்தான்" என்றாள் இவள்.

சைக்கிள் ஸ்டாண்டில் தகரக் கொட்டகைக்குக் கீழே அவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். வயசாகியும் குரல் குறையவில்லை. வண்டியைக் கோணலாக நிறுத்திய ஒருத்தனை அவர் அதட்டியதில் இரண்டு தெரு தள்ளி இருந்தவன்கூடத் தன் வண்டியை நேராக்கியிருப்பான். வாயைத் திறந்தால் முன்பல் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு சந்து.

"ஐயா, எட்டு வருஷத்துக்கு முன்னாடி காதுப் பரிசோதனை நாள்ல ஒரு ஆளு வந்தாரு. பட்டாளத்துக்காரரு. உயரமா, மோவாயைத் தூக்கிக்கிட்டு உக்காந்திருப்பாரு. பீரங்கின்னு..."

அவர் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அவன் பொண்டாட்டியா நீ?"

"ஆமா."

"வாம்மா, வா! இத்தனை வருஷமா உன்னைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். உயிரோட இருக்கானா அந்த ராஸ்கல்?"

"மரியாதையாப் பேசுங்க. என் புருஷனை ராஸ்கல்னு சொல்றதுக்கு நான் ஒருத்தி போதும்."

"இதைப் பாரு" என்று உதட்டைத் தூக்கிக் காட்டினார். "இது தானா விழுந்த பல்லுன்னு நினைச்சியா? உன் புருஷன் கைவரிசை. சாயங்காலம் ஹாலைப் பூட்டப் போறேன், முன்வரிசையில குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கான். எழுந்திரு, முடிஞ்சுபோச்சுங்கிறேன். 'எப்பக் கூப்பிடுவீங்க'ன்னு கேக்கிறான். பேரைக் கேட்டேன், சொன்னான். கூப்பிட்டாச்சுய்யா, மூணு தடவை கூப்பிட்டாச்சு, நீதான் எழுந்திருக்கலைன்னு சொன்னேன். பொய் சொல்றியான்னு கேட்டான். அவ்வளவுதான். இரும்பு தூக்கின கைம்மா அது. நானும் சட்டையைப் புடிச்சேன். வாட்ச்மேன் ரெண்டு பேர் வந்துதான் வெளியே தள்ளினாங்க."

அவளுக்கு அந்தப் பொத்தான் ஞாபகம் வந்தது.

"ஐயா, ஒண்ணு கேக்கிறேன். அன்னைக்கு வந்தவங்க அத்தனை பேரும் காது கேக்காதவங்க. செவிடங்களை வரிசையா உக்கார வச்சு, வாயால பேர் சொல்லியா கூப்பிட்டீங்க?"

"என் வேலை கூப்பிடறதும்மா. கைதட்டச் சொன்னா தட்டியிருப்பேன். என் குரல் வெளியே ரோட்டு வரைக்கும் கேக்கும்."

"ரோட்டுக்குக் கேட்டு என்ன புண்ணியம்? எதிர்ல இருந்தவருக்குக் கேக்கலையே."

"மத்தவங்க எழுந்தாங்களே! பொண்டாட்டியோட வந்தவன், மகளோட வந்தவன் எல்லாம் எழுந்து போனான். இவன் ஒருத்தன்தான் தனியா வந்தான்."

அந்தப் பேச்சு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. காய்ப்பு ஏறாத இடத்தில் போய்க் குத்திவிட்டது. மறைக்காமல் சொல்லிவிடுவதுதான் சரி என்று முடிவு செய்தாள். ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு போகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"இதை நீங்க அலுவலகத்துல வந்து சொல்லணும். சொன்னா அவருக்குப் பழைய தேதியிலேர்ந்து பென்ஷன் கிடைக்கும். அதுக்குத்தான் வந்தேன்."

அவர் சிரித்தார். அந்தச் சந்து வழியாகக் காற்று வந்தது. "என் பல்லை உடைச்சவனுக்கு நான் போய்ப் பென்ஷன் வாங்கித் தரணுமா? நல்லாயிருக்கும்மா உன் நியாயம். போ, போ. வெயில்ல நிக்காதே."

"சொல்லலைன்னா, அவர் அன்னைக்கு வரவே இல்லைங்கிறதுதான் நிக்கும். வராத ஆளு எப்படி ஐயா பல்லை உடைப்பாரு?"

அவருடைய முகம் மாறியது. ஸ்டூலை இழுத்துப் போட்டு மெதுவாக உட்கார்ந்தார். அப்புறம்தான் மிச்சக் கதை வெளியே வந்தது. அடி வாங்கின மறுநாள் பெரிய அதிகாரி கூப்பிட்டு, நாட்டுக்காகச் சண்டை போட்டவனோடு டவாலி கைகலந்தான் என்று வெளியே தெரிந்தால் அசிங்கம், படியில் விழுந்தேன் என்று எழுதிக் கொடு என்றாராம். எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து ஆபீஸே அவரைக் குடிகாரன் என்றது. மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார்கூட, "படியெல்லாம் பார்த்து இறங்குங்க சம்பந்தி" என்றார்களாம். வாழ்க்கையில் ஒரு சொட்டுத் தொடாத மனுஷன்.

"அவனும் சொல்லலையா வீட்டுல?" என்று கேட்டார்.

"சொல்லலை."

"அவனும் அந்தப் பெரிய அதிகாரியும் சேர்ந்து என்னைக் குடிகாரனாக்கிட்டாங்க" என்றார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "என்னைக்குன்னு சொல்லிட்டுப் போ" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்குப் போனதும் அவள் புருஷனுக்கு எதிரே போய் நின்று தன் முன்பல்லை விரலால் தட்டிக் காட்டினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் மோவாயைப் பிடித்துத் தூக்கினாள்.

"எட்டு வருஷம் போகாத ஆளு, போகாத ஆளுன்னு திட்டினேனே. போனேன், அடிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா?"

"சொன்னா, கை நீட்டினேன்னு திட்டியிருப்பே."

"திட்டியிருப்பேன். அதுக்கு இது பரவாயில்லையா?"

"போகாத ஆளுங்கிறது பொய்த் திட்டு. மேல பட்டுட்டுப் போயிடும்" என்றார் பீரங்கி. "மத்தது மெய்த் திட்டு. அது உள்ளே போகும்."

அவள் அடுப்படிப் பக்கம் போனாள். அங்கே அண்ணி ஒரு பாத்திரத்தை டங்கென்று வைத்தாள். இவள் அதை எடுத்து இன்னொரு தடவை, இன்னும் பலமாக வைத்தாள்.

விசாரணை நாளில் டவாலி வந்தார். இஸ்திரி போட்ட பழைய வெள்ளை யூனிஃபார்மில், பித்தளைப் பட்டை மினுமினுக்க வந்தார். பீரங்கியைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் மூக்கு விடைத்தது. அதிகாரி நடுவே மேஜையைப் போட்டு உட்கார்ந்திருந்தது நல்லதாகப் போயிற்று.

டவாலி நடந்ததைச் சொன்னார். படியில் விழுந்தேன் என்று எழுதியது பொய் என்பதையும் சொன்னார். சொல்லிவிட்டு, "இது அப்படியே உத்தரவுல வரணும் சார். அடிச்சான்னு வரணும். வந்திருந்தான்னு மட்டும் எழுதி அடியை விட்டுட்டீங்கன்னா, நான் சொன்னதெல்லாம் பொய்னு சொல்லிட்டுப் போயிடுவேன்" என்றார்.

அதிகாரி பீரங்கியின் பக்கம் திரும்பி, உதடு தெரிய மெதுவாகக் கேட்டார். "நீங்க இவரை அடிச்சீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க. ஒத்துக்கிட்டா இவர் உங்க மேல வழக்குப் போடலாம். இல்லைன்னு சொன்னா, ஒருத்தர் ஆமாங்கிறார், ஒருத்தர் இல்லைங்கிறார், அன்னைக்கு என்ன நடந்ததுன்னு நான் எழுத முடியாது. தேதியும் கிடைக்காது."

பீரங்கி டவாலியைப் பார்த்தார். மோவாய் மேலே போயிற்று. "நான் அடிக்கலை" என்றார்.

"சார், பாருங்க சார்!" என்று டவாலி எழுந்தார்.

"தள்ளினேன்" என்றார் பீரங்கி. "கை தவறிப் பட்டிருக்கும்."

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மேஜையையே கவிழ்த்திருப்பாள். ஒரு வாசல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, இந்த மனுஷன் ஒரு பல்லுக்காக அதைச் சாத்துகிறார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு நேர் எதிரே, முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்தாள். கத்தவில்லை. சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். அறையில் வேறு யாருக்கும் அது புரியவில்லை. அவருக்குப் புரிந்தது.

"நான் கூட வராதது தப்பு. நீங்க அடிச்சது தப்பு. என்னோடதை நான் சொல்லிட்டேன்."

பீரங்கி வெகுநேரம் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், அது இன்னும் ஏதாவது சொல்லும் என்கிற மாதிரி. அது சொல்லவில்லை. அவர் அதிகாரியைப் பார்த்து, அறை முழுக்கக் கேட்கும் குரலில், "அடிச்சேன்" என்றார். "கை முஷ்டியை மடக்கித்தான் அடிச்சேன். இந்த ஆளு பொய் சொல்றான்னு நினைச்சேன்."

"மூணு தடவை கூப்பிட்டேன்டா!" என்று டவாலி கத்தினார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"கேக்கலைடா!" என்று இவரும் கத்தினார்.

"ரெண்டு பேரும் உக்காருங்க" என்றார் அதிகாரி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னைக்கு ஒரே ஹால்ல ரெண்டு பேரும் இருந்திருக்கீங்க. எனக்கு அது போதும்."

உத்தரவு வந்தது. மனுதாரர் அன்று நேரில் வந்து காத்திருந்தார், அழைப்பு அவர் காதில் விழவில்லை, மாலையில் அழைப்பாளரைக் கையால் தாக்கிப் பல்லை உடைத்தார், ஆகவே முதல் மனு உயிரோடு இருக்கிறது, பென்ஷன் பட்டாளத்தை விட்ட மறுநாளிலிருந்து. எல்லாம் ஒரே தாளில். அடியும் தேதியும் அடுத்தடுத்த வரியில் இருந்தன.

அந்தத் தாள் ஒன்றுதான். டவாலிக்கும் ஒரு பிரதி வேண்டும், சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். மூன்று பேருமாக எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனார்கள். வழியில் ஒருத்தர் இந்த ஓரம், ஒருத்தர் அந்த ஓரம், நடுவில் தாளை மார்போடு அணைத்துக்கொண்டு அவள்.

"ரெண்டு போடுங்க" என்று காசை நீட்டினாள்.

டவாலி அவள் கையைத் தடுத்தார். "என்னுதுக்கு நான் கொடுக்கிறேன். உங்க காசுல எடுத்த காகிதம் எனக்கு வேண்டாம்." பிரதியை வாங்கி, அடி எழுதியிருந்த வரியைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்து, நாலாக மடித்துப் பையில் வைத்தார். "இதை வச்சே உன் புருஷன் மேல கேஸ் போடுவேன். பல்லுக்கு அவன் பதில் சொல்லணும்."

"தாராளமாப் போடுங்க" என்றாள் அவள். "ஆனா வாயால கூப்பிட்டு விடாதீங்க, எழுதி அனுப்புங்க. கூடவே நானும் வரேன்."

அவர் சிரிக்கவில்லை. பித்தளைப் பட்டையை நேராக்கிக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். அடுத்த மாதமே சொன்னபடி கேஸ் போட்டார்.